மூன்றாவது தசம இடம்

அன்புள்ள தம்பிக்கு,

லித்தியம் உடையும்போது வெளிவரும் ஆற்றலுக்கு உனக்கு 28 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று விடை வந்திருக்கிறது. வர வேண்டியது 17.3. நிறையை ஆற்றலாக மாற்றும் சூத்திரத்தில் பிழையே இல்லை. பிழை வேறிடத்தில். அதற்கு முன், அந்தக் கணக்கு பிறந்த இடத்தைப் பார்த்துவிடலாம்.

1932 ஏப்ரல் 14, கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வகம். எர்னஸ்ட் வால்டன் முடுக்கியை ஓடவிட்டார். உயர் மின்னழுத்தம் தாக்காதபடி தரையில் தவழ்ந்துபோய், ஈயத் தகடு பதித்த குட்டி அறைக்குள் நுழைந்தார். அங்கிருந்த துத்தநாக சல்பைடு திரையை நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டில் பொட்டுப் பொட்டாக ஒளி! புரோட்டான் மோதிய லித்தியம் இரண்டு ஆல்பா துகள்களாக உடைந்துகொண்டிருந்தது. உடன் உழைத்த ஜான் காக்கிராஃப்ட்டும் ஆய்வகத் தலைவர் ரூதர்ஃபோர்டும் வந்து பார்த்தார்கள்.

மோதிய புரோட்டானின் ஆற்றல் அரை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுகூட இல்லை. வெளியேறிய ஆல்பா ஒவ்வொன்றுக்கும் சுமார் 8.6 மில்லியன். இந்த உபரி எங்கிருந்து வந்தது?

நிறையிலிருந்துதான். லித்தியம்-7 இன் நிறை 7.016003, ஹைட்ரஜன் 1.007825, கூட்டினால் 8.023828 அணுநிறை அலகு. ஒரு ஹீலியம்-4 இன் நிறை 4.002603, இரண்டுக்கு 8.005206. காணாமல்போனது 0.018622. ஓர் அலகு 931.494 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம். பெருக்கினால் 17.35. வெளியேறிய இரண்டு ஆல்பாக்களின் ஆற்றலைக் கூட்டிப் பார், கிட்டத்தட்ட அதேதான். எத்தனை அழகான பொருத்தம்!

இப்போது உன் தாளுக்கு வருவோம். 7.02, 1.01, 4.00 என்று சுருக்கிக்கொண்டாய். வித்தியாசம் 0.03 ஆகிவிட்டது. எட்டிலிருந்து எட்டைக் கழிக்கும் கணக்கு இது. மிஞ்சுவது மொத்தத்தில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சுருக்கியதால் நுழைந்த பிழை 0.011, தேடிய விடையில் பாதிக்கும் மேல்! ஆறு தசம இடங்களையும் கடைசி வரை வைத்திரு. சுருக்குவதைப் பெருக்கிய பிறகு செய்.

எலக்ட்ரான்களை ஏன் கழிக்கவில்லை என்றும் கேட்டிருந்தாய். இவை அணுக்களின் நிறை. இடப்பக்கம் மூன்றும் ஒன்றுமாக நான்கு எலக்ட்ரான், வலப்பக்கம் இரண்டும் இரண்டுமாக நான்கு, தானாகவே அடிபட்டுவிடும். பாசிட்ரான் வெளிவரும் சிதைவில் மட்டும் இது பலிக்காது. அங்கே இரண்டு எலக்ட்ரான் நிறையைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

அடுத்து, பிரான்ஸில் எழும்பிவரும் ஐடர் உலைக்குத் திட்டமிட்டிருக்கும் வினையைப் போட்டுப் பார். டியூட்டீரியம் 2.014102, டிரிட்டியம் 3.016049, கிடைப்பவை ஹீலியம்-4, நியூட்ரான் 1.008665. விடை 17.59 வர வேண்டும். வரவில்லையென்றால் தாளை அப்படியே அனுப்பு, அடித்ததையும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்