தண்டவாளம் போச்சு, ஊரும் போச்சு!

ரயில் வந்ததால் ஊர்கள் வளர்ந்தன என்று சமூக அறிவியலில் படிக்கிறோம். ரயில் போனதால் ஊரே காணாமல் போகுமா? போகும்! ஒண்ணு ரெண்டு இல்லை, வரிசையாகப் பல ஊர்கள் போயிருக்கின்றன. இடம்: அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள பாக்ஸ் எல்டர் கவுண்டி. (கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி.)

1869 மே 10. கிழக்கே ஓமஹாவிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனியும், மேற்கே சாக்ரமெண்டோவிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனியும் போட்டு வந்த பாதைகள் இந்தக் கவுண்டியில் உள்ள ப்ரோமன்டரி மேட்டில் சந்தித்தன. தங்க ஆணி வைத்துப் பெரிய விழா. அதோடு பாதை போடும் வேலை முடிந்தது. ஆனால் ஊர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது ஓடியவை நீராவி எஞ்சின்கள். கொஞ்ச தூரம் போனாலே தண்ணீர் வேண்டும், எரிக்க விறகோ கரியோ வேண்டும். ஆள் மாற்ற வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அதனால் பாலைவனத்தின் நடுவிலும் ஊர்கள் முளைத்தன. டெரஸ் என்ற ஊரில் 16 எஞ்சின்கள் நிறுத்தும் கொட்டகை இருந்தது. குடிக்கக்கூட அங்கே தண்ணீர் கிடையாது. மலை ஊற்றிலிருந்து மரக்குழாயில் கொண்டு வந்தார்கள். கெல்டன் என்ற ஊர் இன்னொரு வகை. ரயிலில் வந்த சரக்கும் தபாலும் அங்கே இறங்கி, குதிரை வண்டியில் ஐடஹோவின் பாய்ஸி நகரம் வரை போகும். வழிப்பறித் திருடர்களுக்கும் அந்த வழி ரொம்பப் பிடிக்குமாம்!

இப்போ தபால் ஆபீஸ் விஷயம். அந்தக் காலச் சின்ன ஊர்களில் அதற்குத் தனிக் கட்டடம் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் மளிகைக் கடையின் ஒரு மூலைதான் தபால் ஆபீஸ், கடைக்காரர்தான் போஸ்ட்மாஸ்டர். புதுசா ஒன்று திறக்க வேண்டுமானால் ஊரின் பெயர், பக்கத்து ஆறு, ரயில் பாதை, அடுத்த தபால் ஆபீஸ் எத்தனை மைல் என்றெல்லாம் படிவத்தில் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஊர் அழிந்த பிறகும் அந்தப் படிவமும் பழைய கவரில் விழுந்த முத்திரையும் மிஞ்சுகின்றன. இப்படி ஒரு ஊர் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. ரயில் நிற்காத இடங்களிலும் தபால் பட்டுவாடா உண்டு. தண்டவாளத்தின் ஓரக் கம்பத்தில் பையைத் தொங்க விடுவார்கள். ஓடும் ரயிலில் இருக்கும் கொக்கி அதைப் பிடுங்கிக் கொள்ளும்!

சரி, எப்படி அழிந்தன? 1880-களில் ஐடஹோவுக்கே ரயில் போனது. கெல்டனின் குதிரை வண்டிகளுக்கு வேலை போச்சு. பெரிய அடி 1904-ல். மேட்டில் ஏறி ஏரியைச் சுற்றிப் போவதற்குப் பதிலாக, கிரேட் சால்ட் லேக் ஏரியின் குறுக்கே மரப்பாலம் கட்டி நேர் பாதை போட்டார்கள். சுமார் 70 கி.மீ. மிச்சம். கம்பெனிக்கு லாபம்தான், பழைய பாதையில் இருந்தவர்களை யார் நினைத்தார்கள்? டெரஸ் மெல்லக் காலியானது. 1934-ல் பூகம்பம் வேறு வந்து கெல்டனை உலுக்கியது. 1942-ல், இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு தேவைப்பட்டதால், தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்தார்கள். அதுக்கும் ஒரு விழா நடத்தினார்கள், ஆணி பிடுங்கும் விழா!

எனக்கு மனசுல நிற்பது வேறு ஒன்று. 1869 ஏப்ரல் 28 அன்று, ஒரே நாளில் 10 மைல் பாதை போட்டுச் சாதனை செய்தார்கள். தண்டவாளத்தைத் தூக்கி வைத்த 8 அயர்லாந்துக்காரர்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கூடவே உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. சம்பளப் பதிவேட்டில்கூடப் பெரும்பாலும் கூட்டத் தலைவர் பெயர் மட்டும்தான். போஸ்ட்மாஸ்டர் பெயருக்கு அரசாங்க ஏட்டில் இடம் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

டெரஸ் ஊரில் சீனர்கள் தனித் தெருவாக வாழ்ந்தார்கள். சமீப ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டின் அடித்தளமும், சீனக் கிண்ணங்களின் உடைந்த ஓடுகளும், பழைய சீன நாணயமும் மண்ணுக்கடியில் கிடைத்தன.