பல குழந்தைகள், ஒரே வருவாய்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் குறைந்த வருவாய்க் குடும்பங்களில் பால் விற்பனையாலும் தினக்கூலியாலும் பணம் சிறிது சிறிதாகவே வருகிறது. தனியார் பள்ளிக் கட்டணமோ ஜூன் மாதத்தில் பெருந்தொகையாகக் கேட்கப்படுகிறது. குழந்தைகள் மூவராயின் சுமையும் மும்மடங்காகும்.

ஆந்திரப் பிரதேச அரசு 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில் தொடங்கிய ‘அம்ம ஒடி’ திட்டம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றி, மாணவர்களின் ஏழைத் தாய்மார்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வழங்க வகை செய்தது. உதவி தாய் ஒருவருக்கு ஒரு முறையே. குழந்தைகளின் எண்ணிக்கை கணக்கில் கொள்ளப்படவில்லை. 2025 ஜூனில் செயலுக்கு வந்த ‘தல்லிகி வந்தனம்’ திட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவியை விரிவாக்கியது. குழந்தை ஒன்றுக்குரிய 15,000 ரூபாயில் 2,000 ரூபாய் பள்ளிப் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டு, 13,000 ரூபாய் தாயின் கணக்கில் சேர்கிறது.

எடுத்துக்காட்டாக, கட்டணம் தலைக்கு 18,000 ரூபாய் எனக் கொள்வோம். மூவருக்கு 54,000 ரூபாய். முந்தைய முறையில் குடும்பம் 39,000 ரூபாயைத் தானே திரட்ட வேண்டும். புதிய முறையில் 15,000 ரூபாய்.

எனினும் பேருந்து, சீருடை, புத்தகச் செலவுகள் எஞ்சுகின்றன. பணம் போதாதபோது மகனைத் தனியார் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்குக் கட்டணமின்றி ஒதுக்குகிறது. அவ்விடம் மகளுக்குக் கிடைப்பின் சுமை குறையும். அரசுப் பள்ளியின் தரம் உயருமாயின், மகன், மகள் என்ற தெரிவுக்கே தேவையிராது.