தறிக்குழியில் உழைக்கும் கால்களுக்கு: எடை இயந்திரத்தில் கெண்டைக்கால் தசையை வலுவாக்கும் முறை

முழங்காலுக்குக் கீழே, காலின் பின்புறம் திரண்டிருக்கும் கெண்டைக்கால் சதை ஒரே தசை அன்று. தோலுக்கு அடியில் இரு பிளவாகப் புடைத்துத் தெரியும் மேல்தசைக்கு காஸ்ட்ரோக்னீமியஸ் என்று பெயர். அதற்கு உள்ளே தட்டையாகப் படர்ந்திருக்கும் அடித்தசை சோலியஸ். இரண்டும் கீழே ஒரே குதிநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பைப் பற்றுகின்றன. குதிகாலை உயர்த்துவது, நடையில் உடலை முன்னே உந்துவது, காலில் தேங்கும் இரத்தத்தை மேல்நோக்கி அனுப்புவது ஆகியவை இவற்றின் வேலைகள்.

மேல்தசை முழங்கால் மூட்டைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது. அடித்தசையோ முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. இதனால் முழங்கால் மடங்கியிருக்கும்போது மேல்தசை தளர்ந்து, சுமை பெரும்பாலும் அடித்தசைக்குப் போகிறது. முழங்கால் நீண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து உழைக்கின்றன.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகிறார். பகல் முழுதும் கால் அசைந்தாலும் முழங்கால் மடங்கியே இருக்கிறது. மிதியின் எதிர்விசையும் நாளுக்கு நாள் கூடுவதில்லை. பழகிய அளவைவிடச் சற்று மிகுந்த சுமையைத் தாங்கும்போதுதான் தசை வலுப்பெறும். ஆகவே தறி மிதிப்பது தாங்குதிறனைத் தரலாம். வலுவை மேலும் வளர்க்காது. காஞ்சியின் வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளைத் தோளில் ஏந்திச் செல்வோருக்கும், அவர் சந்நிதி அமைந்த அத்திகிரியின் 24 படிகளை ஏறும் முதியோருக்கும் வேண்டியது, முழங்கால் நீண்ட நிலையிலும் தளராத கால்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட 12 வார ஆய்வு, முழங்கால் நீண்ட நிலையில் மேல்தசை கூடுதலாக வளர்வதைத் தெளிவாகக் காட்டியது. நின்றபடி செய்த பயிற்சியில் மேல்தசையின் வெளிப்பகுதி 12.4 விழுக்காடு வளர்ந்தது. அமர்ந்தபடி செய்ததில் 1.7 விழுக்காடுதான். அடித்தசை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில், சிறிதளவே வளர்ந்தது. எனவே அமர்ந்து வேலை செய்பவருக்கு நின்று செய்யும் பயிற்சியே முதன்மை. அமர்ந்து செய்வது துணை.

தொடங்குமுன்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புடைத்த சிரைச் சிக்கல், பழைய குதிநாண் காயம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியுடன் இருந்தால் அது இரத்தக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் பயிற்சி கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி தேவை. ஐந்து நிமிடம் வேகமாக நடந்தபின், சுவரைப் பிடித்துக்கொண்டு எடையின்றிப் 15 முறை குதிகாலை உயர்த்தி இறக்கினால் தசை சூடேறும். தறியிலிருந்து எழுந்தவுடன் நேராக எடை தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

படி 1: நின்றபடி குதிகால் உயர்த்துதல்

1. நின்றபடி குதிகால் உயர்த்தும் இயந்திரத்தில் தோள் மெத்தையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். குதிகால் முழுதும் தாழ்ந்த நிலையிலும் எடை தோளில் இருக்க வேண்டும்.
2. பாதத்தின் முன்பகுதியைப் படிமேடையில் ஊன்றி, குதிகாலை வெளியே விட வேண்டும். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், விரல்கள் நேர்முன்னே இருக்கட்டும்.
3. முழங்காலை மடக்கி மெத்தைக்கு அடியில் நுழைந்து, தொடை வலுவால் நிமிர வேண்டும். நிமிர்ந்தபின் முழங்கால் நீண்டிருக்கலாம். ஆனால் பின்னோக்கி அழுந்திப் பூட்டிக்கொள்ளக் கூடாது.
4. மூச்சை விட்டபடி இரண்டு விநாடியில் குதிகாலை இயன்ற உச்சிக்கு உயர்த்தி, ஒரு விநாடி நிறுத்த வேண்டும். எடை கட்டைவிரல் பக்கம் இறங்கட்டும். கணுக்கால் வெளிப்புறமாகச் சாயக் கூடாது.
5. மூச்சை இழுத்தபடி மூன்று விநாடியில், கெண்டைக்கால் இழுபடுவது தெரியும் வரை இறக்கி, அங்கும் ஒரு விநாடி நிற்க வேண்டும்.

எட்டு முதல் 12 முறை ஒரு சுற்று. முதல் இரு வாரங்களுக்கு இரண்டு சுற்று, பிறகு மூன்று. சுற்றுகளுக்கு இடையே ஒன்றரை முதல் இரண்டு நிமிட ஓய்வு. கடைசி இரண்டு முறை கடினமாகவும், ஆனால் முறை பிசகாமலும் அமைகிற எடையே சரியான எடை.

இந்த இயந்திரம் இல்லாத சிறிய ஜிம்களில் ஸ்மித் மெஷினின் (தடத்தில் மேலும் கீழும் நகரும் எடைக்கம்பி) கீழ் உறுதியான மரக்கட்டையை வைத்து இதையே செய்யலாம். கட்டை நகராதா என்பதை எடையேற்றும் முன் மிதித்துப் பார்க்க வேண்டும்.

படி 2: லெக் பிரஸில் பாதம் அழுத்துதல்

நாள் முழுதும் தறியில் குனிந்து முதுகுவலி கண்டவர்களுக்கு, தோளில் எடை வைக்காத இம்முறை படி 1க்கு மாற்றாகும். முதுகையும் இடுப்பையும் இருக்கையில் முழுதும் பதித்து, தகட்டின் கீழ்விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்ற வேண்டும். முழங்கால் ஏறக்குறைய நேராக, இம்மி மடங்கி இருக்கட்டும். அசைவது கணுக்கால் மட்டுமே. பாதம் வழுக்கினால் தகடு உடலின் மேல் வரும் என்பதால் பாதுகாப்புத் தடுப்பை விலக்காமல் செய்ய வேண்டும்.

படி 3: அமர்ந்தபடி குதிகால் உயர்த்துதல்

மெத்தை முழங்கால் சில்லின் மேல் அல்ல, அதற்குச் சற்று மேலே தொடையில் படிய வேண்டும். முழங்கால் செங்கோணத்தில் மடங்கியிருக்க, குதிகாலைச் சிறிது உயர்த்தித் தடுப்பு நெம்புகோலை விடுவித்து, படி 1இன் அதே வேகத்தில் செய்ய வேண்டும். அடித்தசை நெடுநேரம் உழைக்கப் பழகியது. ஆகவே 12 முதல் 15 முறை வீதம் இரண்டு சுற்று பொருந்தும். முடிந்ததும் நெம்புகோலைத் திரும்பப் பூட்டிய பிறகே காலை எடுக்க வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

எடையைத் துள்ளவிடுவது முதல் தவறு. துள்ளும்போது நாணின் மீள்விசையே வேலையைச் செய்துவிடுகிறது. பாதியளவு மட்டும் ஏறி இறங்குவது இரண்டாவது. எடையைக் குறைத்தாவது முழு அளவில் செய்ய வேண்டும். மூச்சை அடக்குவது மூன்றாவது. உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு அது ஆபத்து.

வார ஒழுங்கும் எடை கூட்டலும்

தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. செவ்வாய், வெள்ளி என இடைவெளி விட்டு அமைக்கலாம். ஒவ்வொரு நாளும் படி 1 அல்லது 2 முதலில், படி 3 பிறகு. எல்லாச் சுற்றிலும் அந்தந்தப் படியின் உச்ச எண்ணிக்கையை எளிதாக முடிக்கும் நிலை இரு பயிற்சி நாள் தொடர்ந்தால், எடையை 5 விழுக்காடு அளவில் கூட்டலாம். தசையைவிட நாண் மெதுவாகவே வலுப்பெறும், அவசரம் கூடாது.

மறுநாள் சதையில் தோன்றும் மந்தமான வலி இயல்பு; இரண்டு மூன்று நாளில் தணியும். குதிகாலுக்கு மேல் நாணில் காலையில் விறைப்பும் வலியும் தொடர்ந்தால் எடையைக் குறைக்க வேண்டும். திடீரென ஏதோ அறுந்ததுபோல் ‘டப்’பென்று உணர்ந்து, குதிகாலை உயர்த்த முடியாமல் போனால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க இயந்திரம் தேவையில்லை. சமநிலைக்குச் சுவரை விரலால் தொட்டு, ஒற்றைக்காலில் முழு உயரத்துக்குக் குதிகாலை எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறிக்க வேண்டும். நலமுள்ள பெரியவருக்கு 25 முறை நல்ல அளவாகக் கொள்ளப்படுகிறது. வயது ஏற ஏற இது குறையும். இரு கால்களின் எண்ணிக்கையும் பெரிதும் வேறுபட்டால், வலுக்குறைந்த காலுக்கு ஒற்றைக்காலில் ஒரு சுற்று கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.