பிரிண்ட்டைக் கேன்சல் செய்த பிறகு பிரிண்டர் நின்றுவிட்டால்...



சென்ற ரமலானுக்கு முந்திய வாரம், ஜகாத் உதவி கேட்டு வந்த மனுக்களை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தோம். கணினியில் உட்கார்ந்திருந்த தம்பி, ஒரு சகோதரியின் மனுவையும் அதோடு இருந்த ஆதரவற்ற விதவைச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றையும் சேர்த்துப் பிரிண்ட் கொடுத்தார். முதல் பக்கம் வந்ததும் பெயரில் எழுத்துப்பிழை தெரிந்தது. உடனே கேன்சல் செய்து, பிழையைத் திருத்தி, மறுபடி கொடுத்தார். பிரிண்டர் அசையவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார். அப்புறம் இன்னொரு தடவை. அதற்குள் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பிரிண்டரையும் கணினியையும் அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டோம். அன்று அலுவலகத்தை மீண்டும் திறக்கவில்லை.

மறுநாள் காலை வேறொரு வேலைக்காக ஒருவர் கணினியையும் பிரிண்டரையும் போட்டார். யாரும் எதையும் அழுத்தாமலே தாள்கள் வரத் தொடங்கின. எல்லாம் அந்தச் சகோதரியின் தாள்கள். ஒன்றுக்கு மூன்று பிரதிகள். எதிரே நாற்காலிகளில் மனு கொடுக்க வந்தவர்கள் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். தாளை எடுத்தவர், “இது யாருடையது?” என்று பெயரைச் சத்தமாகவே படித்துவிட்டார். காத்திருந்தவர்களில் இருவர் அந்தச் சகோதரியின் தெருக்காரர்கள். உதவி கேட்பது வெளியே தெரியக்கூடாது என்றுதான் அவர் தம் மகனிடம் மனுவை உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. “அடுத்த வருஷம் வேண்டாம் பாய், நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் மனதில் இருக்கிறது.

பிரிண்டரின் மேல் குற்றமில்லை. கேன்சல் செய்வது எப்படி முடிகிறது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம். மஹல்லாக்களில் பைத்துல்மால், மதரஸா, நூலகம் நடத்தும் நிர்வாகிகளும் அங்கே கணினியில் உட்காரும் பிள்ளைகளும் இதை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளவும்.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் பிரிண்ட் கொடுத்ததும் ஆவணம் நேராகப் பிரிண்டருக்குப் போய்விடுவதில்லை. விண்டோஸ் கணினியில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்று ஒரு சேவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நாம் கொடுப்பதையெல்லாம் அது ஹார்ட் டிஸ்கில் கோப்புகளாக எழுதி வரிசையில் நிறுத்திக்கொள்ளும். பிறகு முன்னால் நிற்பதை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிண்டருக்கு அனுப்பும். ரேஷன் கடை வரிசை போலத்தான். முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் நிற்பவர் எவருக்கும் வேலை நடக்காது.

இனி, பாதி போய்க்கொண்டிருக்கும்போது கேன்சல் செய்கிறோம். கணினி மிச்சத்தை அனுப்புவதை நிறுத்த முயல்கிறது. ஆனால் பிரிண்டருக்கும் சொந்தமாக நினைவகம் உண்டு. அதற்குள் ஏற்கெனவே போன பாதி அங்கே கிடக்கிறது. மீதி வரும் என்று பிரிண்டர் காத்திருக்கிறது. பிரிண்டர் விடுவிக்கும் என்று கணினி காத்திருக்கிறது. வரிசையைத் திறந்து பார்த்தால் அந்த ஆவணத்துக்கு எதிரே ‘டெலீட்டிங்’ என்ற சொல் போகாமல் நிற்கும். இதுதான் முடிச்சு.

இந்த நேரத்தில் மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் வரிசையின் பின்னால் போய் நிற்கும். கணினியை அணைத்தாலும் அவை அழிவதில்லை. ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்தவை அல்லவா? மறுநாள் வழி கிடைத்ததும் வெளியே வருகின்றன. எங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுதான்.

சரிசெய்யும் முறை

வரிசை மாறாமல் செய்யவும். பெரும்பாலும் முதல் நான்கு படிகளிலேயே வேலை முடிந்துவிடும்.

1. முதலில் கையை எடுத்துவிடுங்கள். பிரிண்ட் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டாம்.

2. பிரிண்டரிலேயே இருக்கும் கேன்சல் பொத்தானை அழுத்துங்கள். பெருக்கல் குறியோ, வட்டத்துக்குள் முக்கோணமோ போட்டிருக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். பாதியில் நின்ற தாளை அது வெளியே தள்ளக்கூடும்.

3. கணினித் திரையில், கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பிரிண்டர் படம் தெரியும். அதை இருமுறை கிளிக் செய்தால் வரிசை திறக்கும். படம் தெரியாவிட்டால் செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பகுதிக்குப் போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ‘ஓபன் பிரிண்ட் க்யூ’ என்பதை அழுத்துங்கள். அங்கே எல்லாவற்றையும் கேன்சல் செய்யும் வசதி இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, பட்டியல் காலியாகிறதா என்று பாருங்கள்.

4. பட்டியல் காலியாகிவிட்டால் பிரிண்டரை அதன் பவர் பொத்தானால் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அதன் நினைவகத்தில் கிடந்த பாதி ஆவணம் போய்விடும். சுவரிலுள்ள சுவிட்சை நேரடியாக அணைக்கும் பழக்கம் வேண்டாம். மை தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில், பவர் பொத்தானை அழுத்தினால்தான் மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் மை காய்ந்துவிடும். பொத்தானுக்குப் பிரிண்டர் மசியவே இல்லை என்றால் மட்டும் சுவிட்சை அணைக்கலாம்.

5. ‘டெலீட்டிங்’ போகாமல் நின்றால், பிரிண்டரை அணைத்துவிட்டு ஸ்பூலரையே நிறுத்தித் துடைக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் சர்வீசஸ் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறங்கள். நீளமான பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ இருக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாப்’ கொடுங்கள். அந்தச் சன்னலை மூட வேண்டாம்.

அடுத்து, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள். கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தால்தான் இது முடியும். பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். அந்த ஃபோல்டரை அழிக்கக்கூடாது. சிஸ்டம்32-இல் வேறு எதையும் தொடவே கூடாது. விண்டோஸ் ஓடுவதற்கு வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன.

பிறகு சர்வீசஸ் சன்னலுக்குத் திரும்பி, ஸ்பூலருக்கு ‘ஸ்டார்ட்’ கொடுத்துவிட்டுப் பிரிண்டரைப் போடுங்கள். இப்படி அழிவது வரிசையில் நின்ற பிரதிதான். நீங்கள் சேமித்து வைத்த மூல ஆவணத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கணினியிலிருந்து மற்றவர்கள் கொடுத்து வைத்தவையும் போய்விடும் என்பதால், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

6. கடைசியாக ஒரே ஒரு பக்கத்தைப் பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு நாற்பது பக்க ஆவணத்தைக் கொடுக்கலாம்.

கணினியை ரீஸ்டார்ட் செய்தாலே போதாதா என்று கேட்கலாம். சில நேரம் போதும். ஸ்பூலர் புதிதாகத் தொடங்குவதால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆனால் ஃபோல்டரில் மிச்சமிருப்பவை மறுபடி பிரிண்ட் ஆகத் தொடங்கும். ஆகவே ரீஸ்டார்ட் செய்தாலும் வரிசையைத் திறந்து பார்க்காமல் விடக்கூடாது.

இன்னும் ஓடவில்லையா?

வரிசை காலி. ஆனாலும் தாள் வரவில்லை. அப்போது இவற்றைப் பாருங்கள்.

பரபரப்பில் யாராவது ‘பாஸ் பிரிண்டிங்’ அல்லது ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பதை டிக் செய்திருக்கலாம். வரிசைச் சன்னலின் மெனுவில் பார்த்து டிக்கை எடுத்துவிடுங்கள்.

யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருந்தால், அதே பிரிண்டரை விண்டோஸ் புதிய பிரிண்டராக எண்ணி, பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று சேர்த்துவிடும். நாம் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருப்போம். கேபிளைப் பழைய துளைக்கே மாற்றினால் போதும்.

தாள் சிக்கியிருந்தால், கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்து, தாள் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். கிழிந்த துண்டு உள்ளே இருந்தால் பிரிண்டர் ஓடாது. லேசர் பிரிண்டர் என்றால் உள்பக்கம் சூடாக இருக்கும். ஆறவிட்டுக் கை வையுங்கள்.

தாளுக்கு இரண்டு வரி புரியாத எழுத்துகளோடு பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கிறதா? வரிசையைக் காலி செய்யாமல் பிரிண்டரை மட்டும் அணைத்துப் போட்டிருப்பீர்கள். ஆவணத்தின் தலைப்பகுதி போய், மிச்சம் மட்டும் பிரிண்டருக்கு வருகிறது. அது என்னவென்று பிரிண்டருக்குத் தெரியவில்லை. டிரேயிலிருந்து தாள்களை எடுத்துவிட்டு, மேலே சொன்ன படிகளை முதலிலிருந்து செய்யுங்கள். டிரஸ்ட்டின் தாள் பொதுப் பணத்தில் வாங்கியது. அதை வீண் விரயம் செய்யக்கூடாது.

வைஃபை பிரிண்டராக இருந்தால், ஒவ்வொரு கணினிக்கும் கைப்பேசிக்கும் தனித்தனி வரிசை உண்டு. எதிலிருந்து கொடுத்தோமோ அதில்தான் கேன்சல் செய்ய வேண்டும். இந்தக் கணினியில் வரிசை காலியாகத் தெரியலாம். அடைத்துக்கொண்டிருப்பது வேறொருவர் கைப்பேசியில் நிற்கும் ஆவணமாக இருக்கலாம்.

அமானத்தைக் காக்க

மனு கொடுப்பவர் தாளை மட்டும் நம்மிடம் தருவதில்லை. தம் வீட்டு நிலைமையையும் மானத்தையும் சேர்த்தே நம்மிடம் ஒப்படைக்கிறார். அந்த அமானத்துக்காக எங்கள் அலுவலகத்தில் இப்போது நான்கு பழக்கங்களை வைத்திருக்கிறோம்.

ஒன்று, பிரிண்ட் கொடுக்கும் முன் திரையில் பிரிவியூ பார்த்துப் பெயர், எண் ஆகியவற்றைச் சரிபார்க்கிறோம். கேன்சல் செய்ய வேண்டிய தேவையே பாதி குறைந்துவிட்டது.

இரண்டு, கேன்சல் செய்தவர் வரிசை காலியானதைத் தம் கண்ணால் பார்க்காமல் எழுந்து போகக்கூடாது. தொழுகை நேரமானால், டிரேயில் உள்ள வெற்றுத் தாள்களை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். தாள் இல்லாவிட்டால் எதுவும் வெளியே வராது.

மூன்று, பிரிண்டரை மனுதாரர்கள் உட்காரும் கூடத்திலிருந்து உள் அறைக்கு மாற்றிவிட்டோம்.

நான்கு, பிழையாக வந்த தாள்களில் பெயரோ எண்ணோ இருந்தால் கிழித்துத்தான் போடுகிறோம். மறுபக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று குறிப்பெழுத வைத்துக்கொள்வதில்லை. பழைய பேப்பர்காரரிடமும் போடுவதில்லை. ஒருவருடைய பாஸ்புக் நகல் பஜ்ஜி மடிக்கும் தாளாக ஊரைச் சுற்றக்கூடாது.

இவையெல்லாம் சின்ன வேலைகள்தாம். மொத்தமாக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் அன்று கொடுத்திருந்தால், ஒரு சகோதரி “அடுத்த வருஷம் வேண்டாம்” என்று சொல்லியிருக்க மாட்டார். வரும் ரமலானில் மனுவுக்குக் காத்திராமல் நாங்களே அவர் வீட்டுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து உங்கள் அலுவலகப் பிரிண்டருக்கு மேலே ஒட்டி வையுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்