புதுப்பிப்பு அறிக்கையை வாசிக்கக் கற்போம்: தொடர் ஒருங்கிணைப்பு வழங்கி பற்றிய ஓர் அறிமுகம்

முன்னுரை

கணினித் துறையில் பயிலும் நம் மாணவர்கள் பலர் தொழிற்பயிற்சிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே ‘ஜென்கின்ஸ்’ என்னும் பெயரைக் கேட்டிருப்பார்கள். அதன் திரையில் சிவப்பு வட்டம் தோன்றினால் அலுவலகமே பரபரப்பாகும். பச்சை தோன்றினால் எல்லாரும் தேநீர் குடிக்கப் போவார்கள். ஆனால், அந்த வழங்கிக்கு வாரந்தோறும் வெளிவரும் புதுப்பிப்புகளையும், அவற்றோடு வரும் அறிக்கையையும் வாசிப்பவர் மிகச் சிலரே. அந்த அறிக்கையை ஏன் வாசிக்க வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும், தமிழ் மென்பொருள் செய்ய விரும்பும் நமக்கு அதனோடு என்ன தொடர்பு ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிற துறை நண்பர்களும் புரிந்துகொள்ளும் வகையில் எழுத முயன்றுள்ளேன்.

1. தொடர் ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

சென்ற விடுமுறையில் சிலிபினில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, “அங்க என்னதான்யா படிக்கிற?” என்று பாட்டி கேட்டார். பாட்டி இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மென்பொருளை எழுதுகிறோம் என்றும், ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதைக் கெடுத்துவிடாமல் பார்க்க ஓர் இயந்திரம் வைத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். பாட்டி சற்றும் யோசிக்கவில்லை. “அட, ஸ்டோர்ல பால் கொட்டுற கதைதானே! கெட்ட பால் ஒரு வாளி போதும்யா, தொட்டியே போயிடும்” என்றார்.

இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் ஒவ்வொருவரும் தம் நிரையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வருவார்கள். கிராணி அதை நிறுப்பார். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பாலின் அடர்த்தியைப் பார்ப்பார். மழைநீர் கலந்திருந்தால் தெரிந்துவிடும். திரிந்த பாலைத் தனியே ஒதுக்குவார்கள். பிறகே பால் பொதுத் தொட்டிக்குள் போகும்.

மென்பொருளிலும் இதே நிலைதான். நிரலர் ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தனியே எழுதுகிறார். எல்லாருடைய நிரலும் சேரும் பொதுக் களஞ்சியமே தொட்டி. தொடர் ஒருங்கிணைப்பு வழங்கிதான் கிராணி. யாரேனும் ஒரு மாற்றத்தை அனுப்பியவுடன் வழங்கி அதை எடுத்து, முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, எழுதி வைத்திருக்கும் சோதனைகளை எல்லாம் ஓட்டிப் பார்க்கிறது. தேறாவிட்டால் உடனே அறிவிக்கிறது. கிராணி நாளுக்கு ஒருமுறை பார்த்தார். வழங்கி ஒவ்வொரு மாற்றத்திற்கும் பார்க்கிறது. ‘தொடர்’ என்ற சொல்லுக்கு அதுவே காரணம்.

2. சுருக்கமான வரலாறு

இந்தப் பழக்கம் 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முதலியோர் பரப்பிய நிரலாக்க முறையால் புகழ்பெற்றது. 2001ஆம் ஆண்டில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தோர் ‘குரூஸ் கன்ட்ரோல்’ என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டனர்.

2004ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானிய நிரலர், தாம் அனுப்பும் மாற்றங்கள் அடிக்கடி மற்றவர் வேலையைக் கெடுப்பதைக் கண்டு, சக ஊழியர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே தம் பிழையைத் தாமே அறிந்துகொள்ள ஒரு சிறு நிரல் எழுதினார். அது ‘ஹட்சன்’ என்ற பெயரில் 2005இல் வெளிவந்தது. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கிய பின் பெயருரிமை பற்றிய பிணக்கு எழுந்தது. 2011 ஜனவரியில் பங்களிப்பாளர்கள் வாக்களித்து, 214க்கு 14 என்ற கணக்கில் ‘ஜென்கின்ஸ்’ என்னும் புதுப் பெயரை ஏற்றனர்.

ஒருவர் தம் பிழையை மறைக்காமல், அதைப் பிடிக்க ஒரு கருவி செய்தார். அதுவே உலகெங்கும் பரவியது. இது நாம் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

3. புதுப்பிப்பு அறிக்கையை வாசிக்கும் முறை

ஜென்கின்ஸில் இருவகை வெளியீடுகள் உண்டு. முதலாவது வாராந்தர வெளியீடு, இதன் எண்ணில் இரு பகுதிகள் இருக்கும் (எ.கா: 2.442). இரண்டாவது நீண்டகால ஆதரவு வெளியீடு, இதன் எண்ணில் மூன்று பகுதிகள் இருக்கும் (எ.கா: 2.426.3). பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு வாராந்தர வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் முக்கியத் திருத்தங்களை மட்டும் சேர்த்து இரண்டாம் வகையை வெளியிடுகின்றனர். புதுமையை விட நிலைத்தன்மை வேண்டுவோருக்கு இதுவே ஏற்றது.

எந்த வழங்கியின் அறிக்கையாயினும், அதில் வருபவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

(அ) புதிய வசதி: 2016 ஏப்ரலில் வந்த ஜென்கின்ஸ் 2.0 இதற்கு நல்ல சான்று. அதற்கு முன் ‘எப்படிக் கட்டுவது’ என்ற கட்டளைகளைப் பெரும்பாலும் வழங்கியின் திரையில் சொடுக்கிச் சொடுக்கி அமைத்தனர். அமைத்தவர் வேலையை விட்டுப் போனால் விவரமும் அவரோடு போகும். 2.0இல் அக்கட்டளைகளை ‘ஜென்கின்ஸ்ஃபைல்’ என்னும் கோப்பாக எழுதி, மூலநிரலோடு சேர்த்து வைக்கும் முறை முதன்மை பெற்றது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது களஞ்சியத்திலேயே பதிவாகும்.

(ஆ) வழுத் திருத்தம்: முன்பு தவறாக நடந்தது இப்போது சரியாக நடக்கும். பெரும்பாலும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால், அந்த வழுவைக் கண்டு பொறுமையாக அறிவித்த ஒரு பயனர் இருப்பார்.

(இ) நீக்கமும் புதுத் தேவையும்: நாம் பெரும்பாலும் படிக்காமல் தாண்டுவது இதைத்தான். 2022இல் வந்த 2.361.1 வெளியீடு முதல் ஜென்கின்ஸ் இயங்க ஜாவா 11 தேவைப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த 2.479.1 முதல் ஜாவா 17 தேவைப்பட்டது. இதைப் படிக்காமல் புதுப்பித்தவரின் வழங்கி மறுநாள் எழுந்திருக்காது.

(ஈ) பாதுகாப்புத் திருத்தம்: இதை ஒத்திப் போடவே கூடாது. ஏன் என்பதை அடுத்த பகுதி காட்டும்.

4. ஒரு திருத்தமும் ஆறு மாதங்களும்

2024 ஜனவரி 24ஆம் நாள் ஜென்கின்ஸ் குழு ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. சிவிஇ-2024-23897 என்பது அக்குறையின் பதிவெண். ஜென்கின்ஸுக்குக் கட்டளை வரி வழியாக ஆணையிடும் வசதி ஒன்று உண்டு. அவ்வாணையில் @ குறியும் அதையடுத்து ஒரு கோப்பின் பெயரும் வந்தால், அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தையே எடுத்து அவ்விடத்தில் இட்டுவிடும். இது எழுதுபவரின் வசதிக்காக ஒரு துணை நிரலகத்தில் இருந்த அம்சம். வெளியார் ஒருவர் இதைப் பயன்படுத்தி வழங்கியில் உள்ள கோப்புகளைப் படிக்க முடிந்தது: அனுமதி இல்லாதவருக்குச் சில வரிகள், வாசிப்பு அனுமதி உள்ளவருக்கு முழுக் கோப்பு. வாராந்தர வரிசையில் 2.442, நீண்டகால வரிசையில் 2.426.3 ஆகியவற்றில் இது திருத்தப்பட்டது. உடனே புதுப்பிக்க இயலாதோர் கட்டளை வரி வசதியை அடைத்து வைக்கும்படியும் அறிவுறுத்தப்பட்டனர்.

சில வரிகளைப் படிப்பதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். தொடர் ஒருங்கிணைப்பு வழங்கி சாதாரண கணினி அன்று. மூலநிரல், தரவுதளக் கடவுச்சொற்கள், மென்பொருளை வாடிக்கையாளரின் கணினிக்கு அனுப்பும் சாவிகள் ஆகியவற்றை அது வைத்திருக்கும். வீட்டுச் சாவிகளை எல்லாம் ஒரே ஆணியில் மாட்டி வைத்தது போன்ற இடம் அது.

2024 ஜூலை இறுதியில் இந்தியாவில் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வகைத் தாக்குதலுக்கு ஆளானது. தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பான என்பிசிஐ, பாதிப்பு பரவாதிருக்க ஜூலை 31 அன்று அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவை தற்காலிகமாக நின்றது. தாக்குதல் எங்கிருந்து தொடங்கியது என்று ஆராய்ந்த கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம், தொடர்புடைய மற்றொரு நிறுவனத்தில் சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் வழங்கியே நுழைவாயில் என்றும், பயன்பட்டது மேற்சொன்ன அதே குறை என்றும் தன் அறிக்கையில் கூறியது.

திருத்தம் வந்தது ஜனவரியில்; தாக்குதல் நடந்தது ஜூலையில். இடைப்பட்ட ஆறு மாதங்களில் அந்த அறிக்கை யார் வேண்டுமானாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதைத் திருத்துவதற்காக வாசிக்காதவர்களின் வழங்கியை, தாக்குவதற்காக வாசித்தவர்கள் தேடிச் செல்வார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்களோ, ஜென்கின்ஸ் என்ற பெயரையே கேட்டிராத சிறு வங்கி வாடிக்கையாளர்கள்.

5. தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இனி எங்கள் தவற்றைச் சொல்கிறேன். நாங்கள் நால்வர், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக ஒரு சொல் பயிற்சி மென்பொருளை ஜாவாவில் எழுதினோம். ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று கண்டுபிடிப்பது அதில் ஒரு விளையாட்டு. பழைய கணினி ஒன்றில் நாங்களே ஜென்கின்ஸை நிறுவினோம். அதுவும் எங்கள் சோதனைகளும் ஜாவா 11இல் ஓடின.

‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மூன்று எழுத்துகள் என்று ஆண்டு ஒன்று பிள்ளையும் சொல்லும். கணினிக்கோ யுனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் வீதம் பதினைந்து பைட்டுகள். ஐந்தை மூன்றாக்கும் நிரலை எழுதியிருந்தோம். எங்கள் மடிக்கணினிகளில் விடை சரியாக 3 என்று வந்தது. வழங்கியிலோ சிவப்பு வட்டம், விடை 15.

பல நாள் எங்கள் நிரலையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மைக் காரணம் வேறு. ஜாவா 17 வரை, கோப்பை எந்தக் குறியாக்கத்தில் படிப்பது என்று நாம் சொல்லாவிட்டால், ஜாவா இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். எங்கள் வழங்கியில் அந்த அமைப்பு ஆங்கிலத்திற்கு மட்டுமே இடம் தருவதாக இருந்தது. ஆகவே அது தமிழின் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணியது. 2022 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 18 முதல், எந்த இயங்குதளமாயினும் யுடிஎஃப்-8தான் இயல்பான குறியாக்கம். அந்த மாற்றம் வெளியீட்டு அறிக்கையில் தெளிவாகவே இருந்தது, நாங்கள்தான் வாசிக்கவில்லை.

“படைப்பு முடியட்டும், பிறகு புதுப்பிக்கலாம்” என்று ஜென்கின்ஸையும் பல மாதங்கள் தொடாமல் விட்டிருந்தோம். கடைசியில் ஜென்கின்ஸின் புதிய வெளியீடு ஜாவா 17ஐக் கேட்டபோது, ஒரேயடியாக ஜாவா 21க்கு மாறினோம். ஒரு செருகுநிரல் வேலை செய்யவில்லை. ஒரு மாலைப்பொழுது அதற்கே போயிற்று. ஆனால் வட்டம் பச்சையானது. குறியாக்கத்தையும் நிரலிலேயே வெளிப்படையாக எழுதி வைத்தோம்.

அந்தச் சோதனையை நாங்கள் எழுதாமல் விட்டிருந்தால், தமிழ் என்னும் சொல்லுக்குப் பதினைந்து எழுத்துகள் என்று ஒரு பள்ளிப்பிள்ளைக்கு எங்கள் மென்பொருள் கற்பித்திருக்கும். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் சோதிப்போருக்கு இந்த வழு கண்ணில் படவே படாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டுதான். எல்லாம் சரியாகவே நடக்கும்.

6. நாம் செய்ய வேண்டியவை

(அ) உங்கள் வழங்கியின் வெளியீட்டு எண்ணைத் தெரிந்து வைத்திருங்கள். மாதம் ஒருமுறையாவது அறிக்கையைத் திறந்து, முதலில் பாதுகாப்புத் திருத்தங்களையும், அடுத்து நீக்கங்களையும் வாசியுங்கள். புதிய வசதிகள் காத்திருக்கும்.

(ஆ) புதுப்பிக்கும் முன் ஜென்கின்ஸின் முகப்புக் கோப்புறை முழுவதையும் படியெடுத்து வையுங்கள். செருகுநிரல்களின் பட்டியலையும் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் முதலில் முயன்று பாருங்கள்.

(இ) சிறிது சிறிதாக, அடிக்கடி புதுப்பியுங்கள். இரண்டாண்டுப் பாக்கியை ஒரே இரவில் தீர்ப்பது கடினம்.

(ஈ) சோதனைகளில் கட்டாயம் தமிழ்ச் சொற்களைச் சேருங்கள். ‘கோ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கு வேறு. ‘ஸ்ரீ’ என்பதையும் இருவகையில் எழுத முடியும். இத்தகைய எழுத்துகளைக் கையாளப் பைத்தான் மொழியில் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் கட்டற்ற நிரலகம் உள்ளது. அதன் மூலநிரலோடு உள்ள சோதனைகளைப் படித்துப் பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

(உ) வழு கண்டால் அறிவியுங்கள். தமிழில் ஏற்படும் வழுவைத் தமிழ் அறிந்தவர் அறிவிக்காவிட்டால் வேறு யார் அறிவிப்பார்?

முடிவுரை

இக்கட்டுரையை எழுதுவதற்கு முன், வழங்கியில் 15 என்று வந்த கதையையும் பாட்டியிடம் சொன்னேன். “கிராணிக்கு மீட்டர் பார்க்கத் தெரியலன்னா நல்ல பாலையும் தண்ணின்னு சொல்லிடுவாரு” என்றார். வழங்கி நம் நிரலைச் சோதிக்கிறது. அந்த வழங்கியைச் சோதிக்க வேண்டியவர் நாம். இக்கட்டுரையை வாசிக்கும் மூத்த மாணவர்களில் பலர் இன்று மென்பொருள் நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கிறீர்கள். நாளை அலுவலகத்தில் உங்கள் வழங்கியின் வெளியீட்டு எண்ணை ஒருமுறை பாருங்கள். அப்படியே உங்கள் சோதனைத் தொகுப்பில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். வட்டம் எந்த நிறத்தில் வருகிறது என்பதை எங்களுக்கும் சொல்லுங்கள்.