வெளிமின்னில் இணைத்தும் ஏறாத பற்றறி: ஆர்.வி. உரிமையாளர்களுக்கான செயல்முறைப் பாடம்

விக்டோரியா நாள் வார இறுதி நெருங்கும்போது, குளிர்காலம் முழுவதும் மூடிவைக்கப்பட்டிருந்த ஆர்.வி. வாகனங்களும் ட்ரெயிலர்களும் ஒன்ராறியோவில் மீண்டும் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. அவ்வேளையில் பல குடும்பங்கள் ஒரே சிக்கலை எதிர்கொள்கின்றன. வாகனம் இரண்டு நாள்களாக வெளிமின்னில் இணைக்கப்பட்டிருக்கும். ஆயினும் பற்றறி ஏறியிருக்காது. பற்றறி பழுதாகிவிட்டது என்று கருதிப் புதியது வாங்குவோர் பலர். குறை வேறிடத்தில் இருந்தால், சில நாள்களில் புதிய பற்றறியும் இறங்கிவிடும். செலவழித்த பணம் வீணாகும்.

வெளிமின் என்பது முகாம் இடத்தின் மின்கம்பத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ கம்பி வழியாக வாகனத்துக்கு வரும் மின்சாரம் ஆகும். அது பற்றறியைச் சென்றடையும் வழியில் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதை முறையாகக் கண்டறிவதே இப்பாடத்தின் நோக்கம். விலை குறைந்த ஒரு மல்ரிமீற்றரும் சிறிது பொறுமையும் இதற்குப் போதும்.

விளக்கு எரிவது சான்றாகாது

வெளிமின்னில் இணைத்தவுடன் உள்ளே விளக்குகள் பிரகாசமாக எரிந்தால், பற்றறியும் ஏறுகிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பல வாகனங்களில், பற்றறிக்குச் செல்லும் பாதை முற்றாகத் துண்டிக்கப்பட்டிருந்தாலும், விளக்குகளும் மின்விசிறியும் வெளிமின்னின் துணையுடன் தொடர்ந்து இயங்கும். அதனால் குறை மறைந்தே இருக்கும். மின்னிணைப்பு இல்லாத முகாம் இடத்தில் முதல் இரவைக் கழிக்கும்போதுதான் அது வெளிப்படும். அல்கொன்குயின் மாகாணப் பூங்கா போன்றவற்றில் மின்னிணைப்பு உள்ள இடங்களும் இல்லாத இடங்களும் உண்டு.

இது வசதி சார்ந்த விடயம் மட்டும் அன்று. புரப்பேன் வாயுவில் எரியும் வெப்பமூட்டியின் காற்றாடி பற்றறியில் இயங்குகிறது. பல வாகனங்களில் வாயுக்கசிவையும் காபனோரொட்சைட்டையும் உணர்த்தும் எச்சரிக்கைக் கருவிகளும் அவ்வாறே. மின்பிரேக் உள்ள ட்ரெயிலர் ஓட்டத்தின்போது கழன்றுவிட்டால், அதன் அவசர பிரேக்கைப் பிடிக்கச்செய்வதும் ட்ரெயிலரில் உள்ள பற்றறியே. ஆகவே, புறப்படுமுன் பற்றறி ஏறுகிறதா என்பதை அளந்து அறிவது பாதுகாப்புச் சோதனையின் ஒரு பகுதியாகும்.

மின் செல்லும் வழி

கனடாவில் மின்கம்பத்திலிருந்து வருவது 120 வோல்ற்று ஆடலோட்ட மின். பற்றறி ஏற்பது ஏறத்தாழ 12 வோல்ற்று நேரோட்ட மின். முன்னதைப் பின்னதாக மாற்றுவது கன்வேட்டர் எனப்படும் கருவி. மின்சாரம் பின்வரும் ஒழுங்கில் செல்கிறது:

மின்கம்பத்தின் பிறேக்கர் → இணைப்புக் கம்பி → வாகனத்தின் பிரதான பிறேக்கர் → கன்வேட்டருக்கான பிறேக்கர் → கன்வேட்டர் → பாதுகாப்புப் பியூஸ்கள் → பற்றறித் துண்டிப்பு சுவிச்சு → பற்றறிக்கு அருகிலுள்ள பியூஸ் → பற்றறியின் முனைகள்.

சுவிச்சும் பியூஸ்களும் அமைந்துள்ள இடமும் வரிசையும் வாகனத்துக்கு வாகனம் மாறலாம். ஆயினும் விதி ஒன்றே: இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பற்றறி ஏறாது.

முதற் சோதனை: இரண்டு அளவீடுகள்

மல்ரிமீற்றரை நேரோட்ட வோல்ற்று அளவுக்குத் திருப்ப வேண்டும். சிவப்புக் கம்பியைப் பற்றறியின் நேர்முனையிலும் (+), கறுப்புக் கம்பியை மறைமுனையிலும் (−) வைக்க வேண்டும்.

முதல் அளவீடு, வெளிமின்னை இணைக்குமுன், எல்லாக் கருவிகளையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். சாதாரண ஈயவமிலப் பற்றறியில் 12.6 வோல்ற்றும் அதற்கு மேலும் நிறைந்த நிலையைக் காட்டும். 12.1 முதல் 12.2 வரை ஏறத்தாழ அரைவாசி. 11.8க்குக் கீழ் என்றால் ஏறக்குறைய வெறுமை.

இரண்டாவது அளவீடு, வெளிமின்னை இணைத்துச் சில நிமிடங்களின் பின் எடுக்கப்பட வேண்டும். அளவு 13.2க்கும் 14.6க்கும் இடையில் இருந்தால் மின்சாரம் பற்றறியை அடைகிறது. மிகவும் இறங்கிய பற்றறி தொடக்கத்தில் 12.8 போன்ற அளவைக் காட்டி மெல்ல உயரலாம். அதுவும் நல்ல அறிகுறியே. இணைக்குமுன் இருந்த அளவு சிறிதும் மாறாமல் நின்றாலோ, தொடர்ந்து குறைந்தாலோ, மின்சாரம் வந்துசேரவில்லை என்பது உறுதி. அந்நிலையில் புதிய பற்றறி வாங்குவதால் பயனில்லை. பாதையையே ஆராய வேண்டும்.

பாதையைப் படிப்படியாக ஆராய்தல்

1. மின்கம்பமும் கம்பியும். கம்பத்தின் பிறேக்கர் விழுந்திருக்கிறதா, செருகி இறுக்கமாகப் பொருந்தியுள்ளதா என்று பார்க்க வேண்டும். மின்னடுப்போ மைக்ரோவேவோ இயங்கினால் 120 வோல்ற்று மின் வாகனத்துக்குள் வருகிறது. செருகியைப் பொருத்தும்போதும் கழற்றும்போதும் கம்பத்தின் பிறேக்கர் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கருகிய முனைகளுள்ள செருகியைப் பயன்படுத்தலாகாது.

2. வாகனத்தின் பிறேக்கர்கள். விழுந்த பிறேக்கர் சில வேளைகளில் நடுநிலையில் நின்று, விழாததுபோலத் தோன்றும். கன்வேட்டருக்கான பிறேக்கரை முழுமையாக நிறுத்திப் பின்னர் போட வேண்டும். சில வாகனங்களில் கன்வேட்டர் ஒரு சாதாரண மின்குதையில் செருகப்பட்டிருக்கும். அக்குதை நிலக்கசிவுப் பாதுகாப்புக் குதையுடன் தொடுக்கப்பட்டிருந்தால், அதன் மீளமைப்புப் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

3. துண்டிப்பு சுவிச்சு. குளிர்காலத்தில் பற்றறி இறங்காதிருக்க இந்தச் சுவிச்சு நிறுத்தப்பட்டிருக்கும். வசந்த காலத்தில் அதை மீண்டும் போட மறப்பது மிக எளிது. பல வாகனங்களில் இது நிறுத்தப்பட்டிருந்தால் வெளிமின் பற்றறியை ஏற்றாது. செலவின்றித் தீரும் குறை என்பதால் இதனை முன்னரே பார்ப்பது நன்று.

4. பாதுகாப்புப் பியூஸ்கள். பியூஸ் பெட்டியில், பெரும்பாலும் 30 அல்லது 40 அம்பியர் அளவில், ஒன்றோ பலவோ தனியாக இருக்கும். பற்றறியின் முனைகள் மாற்றி இணைக்கப்பட்டால் கன்வேட்டரைக் காப்பதற்காக இவை எரிந்துபோகும். இவ்விடத்தில் ஒரு பொறி உள்ளது. கார்களில் சிவப்பு நேர்முனைக்கும் கறுப்பு மறைமுனைக்கும் உரியவை. ஆனால் பல ட்ரெயிலர்களில் கறுப்புக் கம்பி நேர்முனைக்கும் வெள்ளைக் கம்பி மறைமுனைக்கும் உரியவை. கார் பழக்கத்தில் கறுப்பை மறைமுனையில் இணைத்தால் பியூஸ்கள் கணப்பொழுதில் எரிந்துவிடும். இலையுதிர் காலத்தில் பற்றறியைக் கழற்றும்போதே கம்பிகளில் + , − என அடையாளம் ஒட்டிவைப்பது இத்தவற்றைத் தடுக்கும். எரிந்த பியூஸை மாற்றுமுன் வெளிமின்னையும் பற்றறியையும் துண்டிக்க வேண்டும். அதே அம்பியர் அளவுள்ள பியூஸையே இட வேண்டும். கூடிய அளவு இடுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

5. பற்றறிக்கு அருகிலுள்ள பியூஸும் முனைகளும். ட்ரெயிலரின் முன்புறத்தில் மழையும் வீதி உப்பும் படும் இடத்தில் இவை இருப்பதால் அரிப்பு எளிதில் உண்டாகும். முனைகளில் படிந்த வெண்ணிற அல்லது நீலப்பச்சைப் படிவை அப்பச்சோடாக் கரைசலும் தூரிகையும் கொண்டு நீக்கலாம். கரைசல் பற்றறியின் உள்ளே செல்லலாகாது. கழற்றும்போது மறைமுனையை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் கையாள வேண்டும். மறைமுனைக் கம்பி வாகனச் சட்டத்தில் பூட்டப்பட்ட இடம் துருப்பிடித்திருந்தாலும் பற்றறி ஏறாது.

6. கன்வேட்டர். மேற்கூறியவை யாவும் சரியாக இருந்தால், கன்வேட்டரின் நேரோட்ட வெளியீட்டு முனைகளில் அளக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: பற்றறியில் 12.1 வோல்ற்று, கன்வேட்டரின் வெளியீட்டில் 13.6 வோல்ற்று எனின், கன்வேட்டர் நலமாக உள்ளது. அதற்கும் பற்றறிக்கும் இடையிலேயே தடை உள்ளது. வெளியீட்டிலும் 13 வோல்ற்றை எட்டாவிடின், கன்வேட்டருக்கு 120 வோல்ற்று மின் கிடைக்கவில்லை, அல்லது கன்வேட்டரே பழுது. இதற்கு மேல் 120 வோல்ற்றுப் பகுதியைத் திறந்து சோதிப்பது தகுதிபெற்ற தொழில்நுட்பவியலாளரின் பணி.

மின் வந்தும் நிலைக்காத பற்றறி

ஏற்றும் மின் பற்றறியை அடைந்தும் அது நிலைக்கவில்லை எனில், அப்போதுதான் பற்றறியை ஐயுற வேண்டும். முதலில் போதிய நேரம் கொடுக்க வேண்டும். வெறுமையான பற்றறி நிறைய ஓர் இரவுக்கு மேலும் ஆகலாம். நிறைந்தபின் இணைப்புகளைக் கழற்றி ஓர் இரவு வைத்து அளந்தால், நல்ல பற்றறி 12.6 வோல்ற்று அளவில் நிற்கும். 12.4க்குக் கீழ் இறங்கிவிட்டால் அது தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். வாகன உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில் சுமைச் சோதனை செய்து இதனை உறுதிப்படுத்தலாம்.

மூடி திறக்கக்கூடிய ஈயவமிலப் பற்றறியில் நீர்மட்டம் குறைந்து தகடுகள் வெளித்தெரியலாகாது. தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, முழுமையாக ஏற்றியபின் உரிய மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். குழாய்நீர் தகாது. ஏறும் வேளையில் ஐதரசன் வாயு வெளிவருவதால் அருகில் தீயோ புகைத்தலோ கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிவது அவசியம்.

குளிரின் பாதிப்பையும் கருத்திற்கொள்ள வேண்டும். முழுமையாக ஏறிய பற்றறி −50 பாகை செல்சியஸிலும் உறையாது. வெறுமையான பற்றறியோ பூச்சியத்துக்குக் கீழ் சில பாகைகளிலேயே உறையக்கூடும். பக்கங்கள் வீங்கிய அல்லது வெடித்த பற்றறியை ஏற்ற முயல்வது ஆபத்து. அதை அகற்றவே வேண்டும்.

லித்தியம் பற்றறிகளின் தன்மை வேறு. அவற்றுள் உள்ள பாதுகாப்புச் சுற்று, பூச்சியப் பாகைக்குக் கீழ் ஏற்றத்தை நிறுத்திவிடலாம். மிக இறங்கிய நிலையில் பற்றறியையே துண்டித்து, மீற்றரில் ஏறக்குறைய பூச்சியம் காட்டச் செய்யலாம். இது பழுதன்று, பாதுகாப்பே. பழைய கன்வேட்டர் ஈயவமிலப் பற்றறிக்கு மட்டும் உரியதெனில், லித்தியம் பற்றறி முழுமையாக நிறையாமற் போகலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் மின்குதை அமைப்போர் கவனத்துக்கு

வாகனத்தை வீட்டில் இணைத்துவைக்க விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. ஆர்.வி.க்குரிய மூன்று முனை 30 அம்பியர் குதை 120 வோல்ற்று மின்னுக்குரியது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் 30 அம்பியர் குதை 240 வோல்ற்றுக்குரியது. தேவையை விளக்காமல் “30 அம்பியர் குதை” என்று மட்டும் கேட்டு, தவறுதலாக 240 வோல்ற்று இணைக்கப்பட்டால், கன்வேட்டரும் பிற கருவிகளும் நொடியில் எரிந்துபோகலாம். ஆகவே “ஆர்.வி.க்குரிய 120 வோல்ற்றுக் குதை” எனத் தெளிவாகக் கூறி, வாகனத்தை இணைக்குமுன் அளந்து காட்டும்படியும் கேட்க வேண்டும்.

ஒன்ராறியோவில் இவ்வேலைக்கு ஒருவரை அமர்த்துவதாயின், அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரராக இருத்தல் வேண்டும். வேலை பற்றிய அறிவித்தல் மின்பாதுகாப்பு அதிகாரசபையில் பதியப்படுவதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சாதாரண 15 அம்பியர் குதையில் பொருத்துமாற்றியுடன் இணைத்தும் பற்றறியை ஏற்றலாம்; ஆனால் குளிரூட்டி போன்ற பெரிய சுமைகளை அப்போது இயக்கலாகாது. மெல்லிய நீட்டிப்புக் கம்பி சூடாகும் என்பதால் தடித்த, வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய கம்பியே தகும்.

பழைய பற்றறியை அகற்றுதல்

ஈயமும் அமிலமும் மண்ணையும் நீரையும் மாசுபடுத்துபவை. லித்தியம் பற்றறிகள் குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றக்கூடும். எனவே எந்தப் பற்றறியையும் வீட்டுக் குப்பையிலோ மீள்சுழற்சிப் பெட்டியிலோ இடலாகாது. அதனை வீட்டு அபாயக் கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பற்றறி விற்கும் கடைகள் பலவும் பழைய ஈயவமிலப் பற்றறியை ஏற்றுக்கொள்கின்றன.

புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக இரண்டு அளவீடுகளையும் எடுத்துக் குறித்துவைக்கும் குடும்பத்துக்கு, குறை இருந்தால் அதைத் திருத்த அவகாசம் கிடைக்கும். இரண்டாவது அளவீடு 13.2 வோல்ற்றைக் கடக்கவில்லை எனில், கடைக்குச் செல்லுமுன் துண்டிப்பு சுவிச்சையும் பியூஸ்களையும் முனைகளையும் பார்ப்பதே முறை.