பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய கைக்கருவியும்

தோற்றுவாய்

என் தாய்மாமன் 1996ஆம் ஆண்டில் வாங்கிய ‘டிவி கேம்’ பெட்டி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. கேசட் ஒன்றைச் செருகி, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவி அது. சென்ற கோடை விடுமுறையில் அதை இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்தால், பொறி முழுவதும் ஒரு கரும்பிசின் பொட்டுக்குள் அடங்கியிருந்தது. அது கெட்டால் மாற்றுவதற்கு உதிரிப்பாகம் கிடையாது.

அதே விடுமுறையில் பெரியப்பா மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அவர் கையில் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கைக்கருவி இருந்தது. வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அக்கருவி, ஏறத்தாழ 670 கிராம் எடையுள்ள முழுக் கணிப்பொறியே ஆகும். 7 அங்குலத் திரை, 16 ஜிகாபைட் நினைவகம், நான்கு உட்கருக்கள் கொண்ட ஏஎம்டி செயலி, லினக்ஸ் இயங்குதளம் ஆகியவை அதில் அடங்கும். “மாமாவின் பெட்டியை இதற்குள் உயிர்ப்பிக்கலாம்” என்றார் அண்ணன். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமுலேட்டர் என்பது யாது?

ஒரு பொறியை மற்றொரு பொறி போலவே நடக்கச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். இது விளையாட்டுக்காகப் பிறந்த கலையன்று. 1964இல் ஐபிஎம் நிறுவனம் ‘சிஸ்டம்/360’ வரிசைக் கணிப்பொறிகளை அறிவித்தபோது, பழைய 1401 பொறிக்கு எழுதிய நிரல்களை வாடிக்கையாளர்கள் கைவிட வேண்டியிருக்குமோ என்ற கவலை எழுந்தது. புதிய பொறிக்கே பழைய பொறியின் கட்டளைகளைப் புரியவைத்து அக்கவலையைத் தீர்த்தார்கள். இதன் கோட்பாட்டு வேர் இன்னும் பழையது. தக்க கட்டளைகளைக் கொடுத்தால் எந்தக் கணிக்கும் பொறியின் வேலையையும் ஒரே பொறி செய்து காட்ட முடியும் என்று ஆலன் டூரிங் 1936லேயே நிறுவியிருந்தார்.

முடியும் என்பது வேறு. உரிய நேரத்திற்குள் முடியும் என்பது வேறு. கருவியின் வலிமை இங்கேதான் தேவைப்படுகிறது.

ஒரு கணக்கு

மாமாவின் பெட்டி, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ பொறியின் போலி. மூலப்பொறியின் நினைவகம் 2 கிலோபைட். செயலியின் வேகம் நொடிக்கு 17.9 இலட்சம் துடிப்புகள். ஸ்டீம் டெக்கின் நினைவகம் அதைப்போல் எண்பது இலட்சம் மடங்குக்கும் மேல். அதன் உட்கரு ஒன்றின் உச்ச வேகம் நொடிக்கு 350 கோடித் துடிப்புகள். எனவே பழைய பொறி ஒருமுறை துடிக்கும் நேரத்தில், புதிய உட்கரு ஏறத்தாழ 1,950 முறை துடிக்கிறது.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கோயில் திருவிழாவில் நாதசுரம், தவில், ஒத்து, தாளம் என்று நால்வர் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். நால்வருடைய வேலையையும் ஒருவரே, ஒன்றுவிட்டு ஒன்றாக, கேட்பவர் அறியாத விரைவில் வாசிக்க வேண்டுமென்றால் அவருக்கு எத்தனை கை வேண்டும்? ஃபேமிகாமிலும் இப்படித்தான். செயலி ஒருமுறை துடிக்கும்போது படம் வரையும் சில்லு மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். ஒலிப்பகுதியில் ஐந்து தடங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு படச்சட்டத்திற்கு 262 வரிகள், வரிக்கு 341 புள்ளி நேரம், ஆக 89,342 புள்ளி நேரங்கள். நொடிக்கு அறுபது சட்டங்கள். இவை அனைத்தையும் எமுலேட்டர் வரிசை பிறழாமல் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க வேண்டும்.

சற்றுப் பிறழ்ந்தால் என்ன?

பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றும் ஆகாது. சிலவற்றில் எல்லாமே ஆகிவிடும். 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் பொறிக்கு ‘ஏர் ஸ்ட்ரைக் பட்ரோல்’ என்றொரு விளையாட்டு உண்டு. அதில் விமானத்தின் நிழல் தரையில் விழும். அந்நிழலைச் சாதாரண முறையில் வரையவில்லை. ஒரு வரி பாதி வரையப்பட்டிருக்கும்போதே திரையின் அமைப்பை மாற்றி அதை உண்டாக்கினார்கள். வரிக்கு ஒருமுறை மட்டும் கணக்குப் பார்க்கும் எமுலேட்டரில் விமானம் பறக்கும், குண்டு வெடிக்கும், ஆனால் நிழல் இராது. நிழலே இல்லாத அந்த விளையாட்டை ஆடிமுடித்தவர்கள் தாம் எதைக் காணவில்லை என்பதை அறியவும் மாட்டார்கள்.

இத்தகைய நுட்பங்களை ஒன்றுவிடாமல் காட்ட முயன்ற ‘பிஸ்னெஸ்’ என்னும் எமுலேட்டருக்கு, 2011ஆம் ஆண்டு வாக்கில் 3 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலான செயலி வேண்டியிருந்தது. மூலப்பொறியின் செயலியோ 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். எனவே புதிய கருவியின் வலிமை விளையாட்டை ஓட்டுவதற்கு மட்டுமன்று. உண்மையாக ஓட்டுவதற்கே பெரிதும் செலவாகிறது எனலாம்.

இருவகை மொழிபெயர்ப்பு

2001இல் வந்த ‘கேம்கியூப்’ பொறியின் செயலி 485 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. அதன் ஒரு துடிப்புக்கு ஸ்டீம் டெக்கின் உட்கருவுக்குக் கிடைப்பவை ஏழு துடிப்புகளே. 1,950 எங்கே, ஏழு எங்கே! இங்கே வேறு உத்தி வேண்டும்.

மேடையில் பேசுபவரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்பவர் ஒருவர். அதே வாக்கியம் நூறுமுறை வந்தாலும் நூறுமுறை மொழிபெயர்ப்பார். மற்றொருவர் முதல்முறை வந்ததுமே அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தமுறை ஏட்டைப் பார்த்துப் படித்துவிடுவார். பழைய எளிய பொறிகளுக்கு முதல் முறை போதும். கேம்கியூப் போன்றவற்றுக்கு இரண்டாம் முறையே கைகொடுக்கும். 2003இல் தோன்றிய ‘டால்ஃபின்’ எமுலேட்டர் இவ்வகையில் பழைய செயலியின் கட்டளைத் தொகுதிகளைப் புதிய செயலியின் கட்டளைகளாக மாற்றிச் சேமித்து வைத்துக்கொள்கிறது.

திரையிலும் ஒரு கணக்கு

ஃபேமிகாமின் படம் 256 × 240 புள்ளிகள். ஸ்டீம் டெக்கின் திரை 1280 × 800. படத்தைச் சரியாக மும்மடங்காக்கினால் 768 × 720 ஆகும். மேலும் கீழும் 40 வரிகள் கருப்பாக நிற்கும். திரை முழுதும் நிரம்ப வேண்டுமென்று இழுத்தால் சில புள்ளிகள் பருத்தும் சில மெலிந்தும் தோன்றும். நேரத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஃபேமிகாம் நொடிக்கு 60.1 சட்டங்கள் தருகிறது. திரையோ சரியாக 60 காட்டுகிறது. ஏறத்தாழப் பத்து நொடிக்கு ஒரு சட்டம் மிஞ்சும். அதைக் கைவிட்டால் ஓட்டத்தில் சிறு தடுக்கல் தெரியும். ‘ரெட்ரோஆர்ச்’ போன்ற மென்பொருள்கள் ஓட்டத்தைத் திரையோடு ஒத்துப்போகச் செய்து, ஒலியின் வேகத்தைக் காதுக்குப் புலப்படாத அளவு மாற்றி இதைச் சரிக்கட்டுகின்றன.

மாமாவின் குறை

இவற்றையெல்லாம் படித்து, ‘மீசன்’ என்னும் நுட்பமான எமுலேட்டரைக் கருவியில் அமைத்தேன். கேசட்டிலுள்ள நிரலைப் படித்தெடுக்கும் சிறு கருவி அண்ணனிடம் இருந்தது. மாமாவின் கேசட்டிலிருந்து ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ எழுந்து வந்தது. 1985இல் வெளிவந்த அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்தான். பெருமையோடு மாமாவின் கையில் கொடுத்தேன்.

மாமா இரண்டு நிமிடம் ஆடினார். பிறகு, “ஏன் மாப்ளே, இது நம்ம பொட்டி இல்லையே” என்றார்.

“அதேதான் மாமா. ஒரு புள்ளிகூட மாறல” என்றேன்.

“படம் சரிதான். ஓட்டம் அவசரமா இருக்கு. சத்தமும் வேற மாதிரி இருக்கு. நம்ம பொட்டியில கொஞ்சம் கீச்சுனு கேக்கும்.”

முப்பது ஆண்டுக்கால நினைவு தடுமாறுகிறது என்று எண்ணிக்கொண்டேன். எனினும் மனம் ஒப்பாமல் மீண்டும் படித்தேன். தவறு மாமாவிடம் இல்லை, என்னிடமே இருந்தது.

முதலாவது, வேகம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பொறி நொடிக்கு 60 சட்டங்களில் ஓடியது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையோ 50 சட்டங்களுக்குரியது. அத்தகைய தொலைக்காட்சிகளுக்கென்று செய்த போலிகள் பல, 50 சட்டங்களில் ஓடின. விளையாட்டின் ஓட்டமும் இசையின் நடையும் சட்டங்களைக் கொண்டே அளக்கப்படுவதால் இரண்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தன. மாரியோவில் 400 என்று தொடங்கும் கடிகாரம் மூலப்பொறியில் சுமார் 160 நொடிகளில் தீரும். இவ்வகைப் போலியில் 192 நொடிகள் ஆகும்.

இரண்டாவது, ஒலி. ஃபேமிகாமின் இரண்டு தடங்கள் துடிப்பலைகளை எழுப்புபவை. அலையின் மேல்நிலை ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு நீடிக்கிறது என்பதை நிரல் தீர்மானிக்கும். அது 50 விழுக்காடானால், அடிப்படை அதிர்வெண்ணோடு 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் ஒலிக்கும். நாதம் உருண்டையாக இருக்கும். 25 விழுக்காடானால் இரட்டைப்படை மடங்குகளிலும் சில சேர்ந்து நாதம் மெலிந்து கூர்மையாகும். போலிச் சில்லுகள் பலவற்றில் இவ்விரண்டும் இடம் மாறிவிட்டன. 50 கேட்டால் 25 வரும். 25 கேட்டால் 50 வரும். மாமாவின் “கீச்சு” இதுவே.

மீசனில் இவ்விரண்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஒன்றின் பெயர் ‘டெண்டி’. 1992 முதல் ரஷ்யாவில் விற்ற புகழ்பெற்ற போலிப்பொறியின் பெயர் அது. மற்றொன்று துடிப்பலைகளின் பங்கை இடம் மாற்றுவது. இரண்டையும் இயக்கி, ஒன்றும் சொல்லாமல் கருவியை மாமாவிடம் கொடுத்தேன். இசை தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. “இதுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு அத்தை கூப்பிடும்வரை தலை நிமிரவில்லை.

எது மூலம்?

உண்மையாக ஓட்டுவதற்கே வலிமை என்று மேலே எழுதினேன். எதற்கு உண்மையாக என்ற கேள்வியை மாமா எழுப்பிவிட்டார். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், ஒரு பாடத்தைத் தெரிந்து அச்சிட்டபோதும், பிற ஏடுகளில் கண்ட பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்தார்கள். பிழையென்று தோன்றும் பாடமும் ஒரு காலத்தில் ஓர் ஊரார் படித்த பாடமல்லவா? ஜப்பானியப் பொறி மூலபாடம் என்றால், நம் வீடுகளில் ஓடிய பெட்டி ஒரு பாடபேதம். நல்ல எமுலேட்டர் இரண்டையும் காக்கிறது.

காக்க வேண்டிய தேவையும் பெரிது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

சட்டத்தையும் மறத்தலாகாது. எமுலேட்டர் செய்வதற்காக ஒரு பொறியின் நிரலைப் பிரித்தாய்வது நியாயமான பயன்பாடே என்று, சோனி – கனெக்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2024இல் ‘யூசு’ எமுலேட்டரின் உரிமையாளர்கள் நின்டெண்டோவுக்கு 24 இலட்சம் டாலர் தர இசைந்து தம் பணியையே நிறுத்தினார்கள். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறையாகப் பெற்ற நிரலுக்கு இழப்பினின்று காக்கும் பொருட்டுப் படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. மாமாவின் கேசட்டே உரிமம் பெறாத படி என்பதை நான் அறிவேன். ஆகவே பரிசோதனை முடிந்ததும் அக்கோப்பை அழித்துவிட்டேன். தாமே எழுதிய புதிய விளையாட்டுகளை இலவசமாக வழங்குவோர் இன்றும் உளர். கற்க விரும்பும் மாணவர்க்கு அவை போதும்.

முடிவுரை

கைக்கருவியின் 350 கோடித் துடிப்புகளால் மட்டும் மாமாவின் பெட்டியை மீட்டிருக்க முடியாது. இப்படிக் கேட்டது என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. ஃபேமிகாமை அளந்து எழுதிவைக்க உலகெங்கும் பலர் இருக்கிறார்கள். கரும்பொட்டு வைத்த நம் பெட்டிகளுக்கு, அவற்றில் விளையாடியவர்களின் கண்ணும் காதுமே பெரும்பாலும் சான்று. அவர்களுக்கும் வயதாகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பெட்டி இருக்கலாம். அதை எடைக்குப் போடுமுன் ஒருநாள் இறக்கி வையுங்கள். ஓடினால் அதன் ஒலியைப் பதிவு செய்யுங்கள். ஓடாவிட்டால், அதில் விளையாடிய அண்ணனையோ அத்தையையோ அருகில் அமர்த்தி, எப்படி இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்வது நூலில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், என்னைப்போல் உடனே திருத்தப் புகாமல் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.